எழுபத்து நான்காவது இழுப்பு: காச்சா ஆட்டக்காரர்களின் குழூஉக்குறியில் எண்ணிக்கையும் பணமும்

1. கேள்வி

ஜப்பானிய மொழியில் ‘காகின்’ என்றொரு சொல் உண்டு. கட்டணம் விதித்தல் என்பது அதன் பொருள். விதிப்பது நிறுவனம், வாடிக்கையாளர் அதைக் கட்டுகிறவர் மட்டுமே. கைப்பேசி விளையாட்டுகள் பெருகிய பிறகு ஆட்டக்காரர்கள் இந்தச் சொல்லைத் தங்கள் செயலாக்கிக்கொண்டார்கள். நேற்றிரவு காகின் செய்துவிட்டேன் என்று ஒருவர் சொன்னால், அவர் விளையாட்டுக்குப் பணம் கட்டியிருக்கிறார் என்று புரிந்துகொள்ள வேண்டும். விதித்தவர் வாக்கியத்தை விட்டே போய்விட, கட்டியவர் அந்த இடத்தில் வந்து நிற்கிறார். சீன ஆட்டக்காரர்கள் இதே சொல்லைத் தங்கள் உச்சரிப்பில் ‘கெஜின்’ என்று எடுத்துக்கொண்டார்கள். பிறகு அதே ஒலியுடைய வேறொரு எழுத்து, கிரிப்டான் வாயுவைக் குறிப்பது, முதலெழுத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. எழுத்தைப் பார்த்துப் படித்தால் இப்போது அது ‘கிரிப்டான் பொன்’. கட்டணம் என்ற பொருளின் தடயம்கூட எழுத்தில் மிஞ்சவில்லை.

குலுக்கலை வைத்து நடக்கும் காச்சா விளையாட்டுகளைச் சுற்றி வளர்ந்திருக்கும் சொற்களஞ்சியம் மிகப் பெரியது. ஜப்பானியம், சீனம், கொரியம், ஆங்கிலம் என்று நான்கு மொழிகளிலும் அது ஒன்றையொன்று கடன்வாங்கி வளர்ந்திருக்கிறது. அதன் ஒரு பகுதி வியக்கத்தக்க அளவு துல்லியமானது. எத்தனையாவது முயற்சியில் நிகழ்தகவு ஏறத் தொடங்குகிறது என்பதை ஆட்டக்காரர்கள் ஒற்றை எண்ணில் சொல்வார்கள். இன்னொரு பகுதியில், பணத்தைப் பற்றிய பகுதியில், அந்தத் துல்லியம் மறைந்து கல், ஈரல், திமிங்கிலம் என்று உருவகங்கள் வந்து நிற்கின்றன. ஒரே கூட்டத்தார் ஒரே செயலைப் பற்றிப் பேசும்போது ஒரு பக்கம் கணக்கர்களாகவும் மறுபக்கம் பூடகமாகப் பேசுகிறவர்களாகவும் இருப்பது ஏன்? இந்தக் கட்டுரை எடுத்துக்கொண்டிருக்கும் கேள்வி இதுதான்.

2. பொறியும் சட்டமும்

காசு போட்டுப் பிடியைத் திருகினால் பொம்மை அடைத்த பிளாஸ்டிக் உருண்டை ஒன்று விழும் இயந்திரங்கள் 1960களிலிருந்தே ஜப்பானில் இருக்கின்றன. பிடி திருகும் ஓசை ‘காச்சா’, உருண்டை விழும் ஓசை ‘போன்’. 2004இல் மேப்பிள்ஸ்டோரி என்ற இணைய விளையாட்டின் ஜப்பானியப் பதிப்பு இதைத் திரைக்குள் கொண்டுவந்தது என்பது பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. 2010ஐ ஒட்டிக் கைப்பேசிச் சமூக விளையாட்டுகள் இதையே தங்கள் முதன்மை வருமானமாக்கின. விளையாட்டு இலவசம், அதில் வரும் கதாபாத்திரங்களும் ஆயுதங்களும் குலுக்கல் முறையில் கிடைக்கும், ஒவ்வொரு குலுக்கலுக்கும் விலை உண்டு. ஆங்கிலம் பேசும் ஆட்டக்காரர்கள் அந்தக் குலுக்கலை ‘புல்’ என்கிறார்கள். இக்கட்டுரையில் அதை இழுப்பு என்று வழங்குகிறேன்.

இந்தத் துறையின் கொச்சைச் சொல் ஒன்று சட்டத்துக்குள் நுழைந்தது 2012இல். ‘கொம்ப்பு காச்சா’ என்பது முழுத்தொகுதிக் காச்சா என்பதன் சுருக்கம். குலுக்கலில் வரும் சில குறிப்பிட்ட அட்டைகளை எல்லாம் சேர்த்து முடித்தால்தான் ஓர் அரிய பரிசு என்பது அதன் ஏற்பாடு. கடைசி ஓர் அட்டைக்காகவே பெரும்பணம் கரையும். ஜப்பானிய நுகர்வோர் முகமை அந்த ஆண்டு மே மாதத்தில், நியாயமற்ற பரிசுகளைத் தடுக்கும் சட்டத்தின்கீழ் இது சட்டவிரோதம் என்று அறிவித்தது. ஜூலை 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. சீனக் கலாச்சார அமைச்சகம் 2017 மே 1 முதல் நிகழ்தகவுகளை வெளியிடச் சொன்னது. தென்கொரியா அதையே 2024 மார்ச் 22 முதல் சட்டக் கடமையாக்கியது. சீனாவிலும் தென்கொரியாவிலும் அரசின் கவனம் பெரும்பாலும் விழுக்காட்டின் மேலேயே இருந்தது என்பதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். இதற்கு மீண்டும் வர வேண்டியிருக்கும்.

3. இதுவரை சொல்லப்பட்டவை

உளவியல் ஆய்வுகள் இந்த விளையாட்டுகளைச் சூதாட்டத்தோடு ஒப்பிட்டே தொடங்கின. டேவிட் ஸெண்டில், பால் கெய்ர்ன்ஸ் இருவரும் 7,422 ஆட்டக்காரர்களிடம் நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வு, சூதாட்டச் சிக்கல் கடுமையாக உள்ளவர்களே காச்சாவைப் போன்ற குலுக்கல் பெட்டிகளுக்கும் அதிகம் செலவிடுகிறார்கள் என்று கண்டது. எது காரணம், எது விளைவு என்பதை அந்த ஆய்வு தீர்மானிக்கவில்லை. மானிடவியலில் நடாஷா டௌ ஷூல் 2012இல் எழுதிய லாஸ் வேகாஸ் சூதுப்பொறிகளைப் பற்றிய நூல் இன்னும் ஆழமானது. பொறியின் முன் அமர்ந்தவருக்குப் பணம் என்பது பொருள் வாங்கும் கருவியாக இருப்பதை விட்டு, ஆட்டத்தைத் தொடரும் கருவியாக மட்டும் ஆகிவிடுகிறது என்று அவர் காட்டினார். இவை இரண்டும் ஆட்டக்காரரின் நடத்தையைப் பார்க்கின்றன. அவர் பேச்சைத் தனியே எடுத்துப் பார்ப்பது அவற்றின் நோக்கமல்ல.

பேச்சைப் பார்த்தவர் மைக்கேல் ஹாலிடே. 1976இல் எழுதிய கட்டுரையில் ‘எதிர்மொழி’ என்ற கருத்தை அவர் முன்வைத்தார். கல்கத்தா நிழலுலகம், போலந்துச் சிறைகள், எலிசபெத் காலத்து இங்கிலாந்தின் நாடோடிகள் ஆகிய கூட்டங்களின் பேச்சை எடுத்துக்காட்டினார். ஒரு கூட்டத்துக்கு எது உயிர்நாடியோ அந்த இடத்தில் சொற்கள் தேவைக்கு மேல் பெருகும் என்பது அவர் கவனித்தவற்றுள் ஒன்று. கல்கத்தா நிழலுலகத்தில் வெடிகுண்டுக்கும் காவலருக்கும் பல பெயர்கள்.

காச்சாப் பேச்சை எதிர்மொழி என்று சொல்லிவிட ஆசையாக இருக்கிறது. எனக்கு அது சரியாகப் படவில்லை. எதிர்மொழி அதிகாரத்திடமிருந்து மறைக்கும் மொழி. காச்சாப் பேச்சோ நிறுவனத்தின் காதுபடவே நடக்கிறது. நிறுவனமும் அதைக் கேட்டுக்கொள்கிறது. நம் இலக்கண மரபு தரும் பாகுபாடு இங்கே அதிகம் உதவுகிறது. நன்னூல் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என்று மூன்றாகப் பிரிக்கிறது. பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பதும் யானைப்பாகர் ஆடையைக் ‘காரை’ என்பதும் குழூஉக்குறிக்கு வழக்கமாகத் தரப்படும் சான்றுகள். தொழில் கூட்டம் தனக்குள் பேசிக்கொள்ளும் சொல் அது. இடக்கரடக்கலோ, அவையில் சொல்லத் தகாததை வேறு வாய்ப்பாட்டால் சொல்வது. ஒரு கூட்டத்தின் சொற்கள் எல்லாவற்றையும் ‘கொச்சை’ என்று ஒரே மூட்டையில் கட்டாமல், எது குழூஉக்குறி, எது இடக்கரடக்கல் என்று பிரித்துப் பார்க்க இந்தப் பாகுபாடு இடம் தருகிறது. காச்சாப் பேச்சில் இழுப்பைப் பற்றிய சொற்கள் குழூஉக்குறி. பணத்தைப் பற்றிய சொற்கள் பெரும்பாலும் இடக்கரடக்கல். என் வாதம் இவ்வளவுதான். அதற்கான சான்றுகளையும் அதற்கு எதிரான சான்றுகளையும் பார்க்கலாம்.

4. எண்ணும் சொற்கள்

2016 புத்தாண்டையொட்டி சைகேம்ஸ் நிறுவனத்தின் கிரான்ப்ளூ ஃபேண்டசி விளையாட்டில், சீன நாள்காட்டியின் குரங்கு ஆண்டான அதற்கென ஒரு கதாபாத்திரம் வந்தது. கிடைக்கும் வாய்ப்பு கூட்டப்பட்டிருக்கிறது என்று அறிவிப்பு சொன்னது. தனிக் கதாபாத்திரத்துக்கு எத்தனை விழுக்காடு என்று சொல்லவில்லை. ஆட்டக்காரர் ஒருவர் நேரலையில் எல்லோரும் பார்க்க இழுத்துக்கொண்டே போய், 2,276ஆவது இழுப்பில் அதைப் பெற்றார். ஓர் இழுப்பு 300 யென். கிட்டத்தட்ட 7 லட்சம் யென் போயிற்று. எழுந்த கொந்தளிப்பில் நிறுவனம் ஒரு வரம்பு கட்டியது: 300 இழுப்புக்குப் பிறகு விரும்பிய கதாபாத்திரத்தை எடுத்துக்கொள்ளலாம்.

இந்த வரம்புக்கு ஜப்பானிய ஆட்டக்காரர்கள் சொன்ன பெயர் ‘தென்ஜோ’, அதாவது உட்கூரை. பச்சிஸ்லாட் சூதுப்பொறிகளில் ஏற்கெனவே இருந்த சொல் அது. இத்தனை சுற்று பரிசில்லாமல் போனால் பொறி தானே பரிசு தரும் என்ற எல்லையைக் குறிப்பது. உயர்தரப் பரிசு உறுதி என்று முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும் திரைக்காட்சிக்கு வழங்கும் ‘காகுத்தேய் என்ஷுத்சு’ என்பதும் பச்சின்கோ சூதுக்கூடத்திலிருந்து வந்ததுதான். விளையாட்டு சூதாட்டமா இல்லையா என்று அறிஞர்கள் வாதிட்டுக்கொண்டிருந்த காலத்தில், ஆட்டக்காரர்கள் தங்களுக்குத் தேவையான சொற்களைச் சூதுக்கூடத்திலிருந்து தயக்கமில்லாமல் எடுத்து வந்துவிட்டார்கள். என் பார்வையில் இதுவும் ஒரு சாட்சியம்.

ஆங்கிலத்தில் இதற்கு இணையாக வழங்குவது ‘பிட்டி’, இரக்கம். தொடர்ந்து தோற்றவர்மேல் பொறி இரங்கி ஒன்று தரும் எண்ணிக்கை. ஹார்த்ஸ்டோன் போன்ற அட்டை விளையாட்டுகளின் ஆட்டக்காரர்கள் புழங்கிய இந்தச் சொல், 2020 செப்டம்பர் 28 அன்று சீனாவின் மிஹோயோ நிறுவனம் வெளியிட்ட கென்ஷின் இம்பாக்டால் உலகெங்கும் போயிற்று. அந்த விளையாட்டில் ஐந்து நட்சத்திரக் கதாபாத்திரம் கிடைக்கும் வாய்ப்பு ஓர் இழுப்புக்கு 0.6 விழுக்காடு. 90ஆவது இழுப்புக்குள் ஒன்று உறுதி. உறுதியையும் சேர்த்துப் பார்த்தால் சராசரி 1.6 விழுக்காடு. இவை மூன்றும் நிறுவனமே வெளியிட்ட எண்கள்.

இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். 89 இழுப்புவரை மாறாமல் 0.6 விழுக்காடு, 90இல் உறுதி என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், ஓர் ஐந்து நட்சத்திரத்துக்குச் சராசரியாக 69.7 இழுப்பு ஆகும். அதாவது 1.43 விழுக்காடு. நிறுவனம் சொல்வது 1.6, அதற்கு 62.5 இழுப்பு போதும். இடையில் எங்கோ வாய்ப்பு ஏறுகிறது என்பதை வெளியிட்ட எண்களே காட்டிக்கொடுக்கின்றன. எங்கே ஏறுகிறது என்பதை மட்டும் விதிகள் சொல்லவில்லை. ஆட்டக்காரர்கள் தங்கள் இழுப்பு வரலாற்றை விளையாட்டிலிருந்து பிரித்தெடுத்துப் பொதுவான கருவிகளில் கொட்டினார்கள். திரண்ட தரவில் 74ஆவது இழுப்பிலிருந்து வாய்ப்பு படிப்படியாக, ஒவ்வோர் இழுப்புக்கும் ஏறத்தாழ 6 விழுக்காட்டுப் புள்ளிகள் வீதம், ஏறுவது தெரிந்தது. அதற்கு ‘சாஃப்ட் பிட்டி’, மெல்லிரக்கம், என்று பெயர் வைத்தார்கள். 90 ‘ஹார்ட் பிட்டி’, வல்லிரக்கம். கிடைப்பது அறிவிக்கப்பட்ட கதாபாத்திரமாக இருக்க வாய்ப்பு தொடக்கத்தில் பாதிக்குப் பாதியாக இருந்ததால் ‘ஃபிஃப்டி ஃபிஃப்டி’. அதில் தோற்றால் அடுத்தது ‘கேரண்டீட்’, உறுதி. சீனத்தில் இவை ‘சிறு காப்பு’, ‘பெருங்காப்பு’.

விதிகளில் இல்லாத ஓர் எண்ணை, நிறுவனத்தின் உதவியில்லாமல், முகம் தெரியாத ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்து கண்டுபிடித்துப் பெயரும் சூட்டியது சாதாரண விஷயமல்ல. கொச்சை என்று ஒதுக்கப்படும் இந்தச் சொல் ஓர் ஆய்வு முடிவின் பெயர். பொற்கொல்லரின் ‘பறி’யைப் போல, தொழில் தெரிந்தவர்கள் பிசகாமல் பேச உருவாக்கிக்கொண்டது.

அதே சமயம் இந்தச் சொல் என்ன செய்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். எவ்வளவு பிட்டி வைத்திருக்கிறாய் என்று கேட்பார்கள். அறுபது இருக்கிறது என்று பதில் வரும். அறுபது முறை எதுவும் கிடைக்கவில்லை என்பதுதான் விஷயம். சொல்லில் அது அறுபது சேமிப்பாகிவிடுகிறது. வேண்டாத குலுக்கலில்கூட இழுத்து இந்த எண்ணை ஏற்றிக்கொள்வதற்கு ‘பில்டிங் பிட்டி’ என்று பெயர். முழுப் பொய்யும் அல்ல இது: கென்ஷினில் ஒரே வகைக் குலுக்கல்களுக்கிடையே அந்த எண்ணிக்கை அடுத்த சுற்றுக்கும் தொடரும். ஆனால் இழப்பை இருப்பாகப் பேசப் பழகிய பிறகு, அறுபதில் நிறுத்துவது சேமிப்பை வீணாக்குவதுபோல் தோன்றத் தொடங்கும். துல்லியமான சொல் என்பதற்காக அது ஆட்டக்காரரின் பக்கம் நிற்கிறது என்று சொல்லிவிட முடியாது.

5. தோல்விக்குப் பெயர்கள்

ஹாலிடே சொன்ன சொற்பெருக்கம் காச்சாப் பேச்சில் எங்கே நிகழ்கிறது? வெற்றியில் அல்ல, தோல்வியில். நிறையச் செலவழித்தும் ஒன்றும் கிடைக்காமல் போவது ஜப்பானியத்தில் ‘பகுஷி’, வெடித்துச் சாதல். கேட்டது வராமல் வேறொன்று வருவது ‘சுரிநுகே’, நழுவிப் போதல். சீனத்தில் முன்னது ‘கப்பல் மூழ்குதல்’, பின்னது ‘கோணிப் போதல்’. கொரியத்தில் ‘பிக்துல்’; அறிவிக்கப்பட்டதைத் துளைத்துக்கொண்டு வேறொன்று வந்துவிட்டது என்ற பொருள். ஃபேட் கிராண்ட் ஆர்டர் விளையாட்டின் ஆங்கில ஆட்டக்காரர்களுக்கு அது ‘ஸ்பூக்’, பேய் காட்டுதல். கென்ஷினில் சீச்சீ என்ற சிறுமிக் கதாபாத்திரம் எதிர்பாராத தோல்விக்கே பெயராகிவிட்டாள்.

வெடிப்பு, மூழ்கல், கோணல், நழுவல், பேய். இந்தப் பட்டியலில் எல்லாமே விபத்துகள். எதற்கும் செய்தவர் இல்லை. தோற்கடித்தது நிறுவனம் எழுதிய நிரல் என்று சொல்லும் சொல் ஒன்றுகூட இந்த வரிசையில் பரவலாகவில்லை. பழி வேறு எங்கே போகிறது என்று தேடினால், ஆட்டக்காரரின் உடலுக்கும் மனத்துக்கும் போகிறது. ஜப்பானியர்கள் ‘புத்சுயோகு சென்சா’, ஆசை உணர்வி, என்று ஒன்றைப் பற்றிப் பேசுகிறார்கள். எது வேண்டும் என்று அதிகம் ஆசைப்படுகிறாயோ அதை அது மோப்பம் பிடித்துத் தராமல் வைத்துக்கொள்ளுமாம். சீன ஆட்டக்காரர்கள் இழுக்கும் முன் செய்யும் சடங்குகளுக்கு ‘சுவான்சுவே’ என்று பெயர். பழம் தத்துவ மரபொன்றின் பெயர் அது. 2016இல் வெளிவந்த ஒன்மியோஜி விளையாட்டில் அழைப்புச் சீட்டின்மேல் விரலால் எதையாவது வரைந்து இழுக்க முடியும். என்ன வரைய வேண்டும், எங்கிருந்து வரைய வேண்டும் என்பது பற்றியே ஒரு நாட்டார் வழக்காறு வளர்ந்தது.

இந்தச் சொற்களில் கவலை தருவது ஒன்று உண்டு. சீனத்தில் அதிர்ஷ்டசாலி ‘ஐரோப்பியப் பேரரசர்’. அதிர்ஷ்டம் கெட்டவர் ‘ஆப்பிரிக்கத் தலைவர்’. முகம் கறுத்தது என்றால் ராசியில்லை என்று பொருள்படும் பேச்சு வழக்கிலிருந்து கிளைத்தது இது. வெளுப்பு நல்வாய்ப்பு, கறுப்பு துரதிர்ஷ்டம் என்ற சமன்பாட்டில் இரண்டு கண்டங்களை வைத்து நிரப்பியிருக்கிறார்கள். விளையாட்டுக்குச் சொல்வது என்ற சமாதானம் எனக்கு ஏற்புடையதல்ல. எந்தத் தகுதியும் தொடர்பில்லாத ஒரு தற்செயலை நிறத்தின் மேல் ஏற்றிச் சொல்ல இவ்வளவு எளிதாக ஒரு சொல் கிடைக்கிறது என்பதே அந்தச் சமன்பாடு எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது என்பதைக் காட்டுகிறது. ஜப்பானியத்தில் ஒரு கதாபாத்திரம் இல்லாமல் ஆட்டத்தில் நிற்கவே முடியாது என்றால் அதற்கு ‘ஜின்கென்’ பாத்திரம் என்று பெயர். ஜின்கென் என்றால் மனித உரிமை. அது உன்னிடம் இல்லையென்றால் உனக்கு மனித உரிமை இல்லை. காசு கொடுக்காமல் விளையாடுபவரைக் குறிக்கும் சீனச் சொல் ‘பைபியாவ்’, பாலியல் தொழிலாளிக்குக் கூலி கொடுக்காமல் போகிறவரைக் குறித்த வசையிலிருந்து வந்தது. நிறுவனத்தின்மேல் விழாத வன்சொல் சக மனிதர்மேல் தாராளமாக விழுகிறது.

6. பணத்தின் இடத்தில்

கென்ஷினின் வழக்கமான ஏற்பாட்டில் ஓர் இழுப்புக்கு நேரடியாக ரூபாயோ டாலரோ கொடுக்க முடியாது. பணம் கொடுத்து ஒரு வகைப் படிகத்தை வாங்க வேண்டும். அதை இன்னொரு வகைக் கல்லாக மாற்ற வேண்டும். 160 கற்களை ஒரு ‘விதி’யாக மாற்ற வேண்டும். அந்த விதியைக் கொடுத்து இழுக்க வேண்டும். ஆட்டக்காரர்களின் துல்லியமான சொற்கள் எல்லாம் கல்லில் தொடங்கி இழுப்பில் முடிகின்றன. கல்லுக்கு முந்திய படியில் சொல்லே மாறிவிடுகிறது.

நேரம் செலவழித்துச் சேர்ப்பவர் சீனத்தில் ‘ஈரல்’ கொடுக்கிறார். கண்விழித்தால் ஈரல் கெடும் என்ற மருத்துவ நம்பிக்கை பின்னால் நிற்கிறது. பெரும்பணம் செலவழிப்பவர் ஆங்கிலத்தில் ‘வேல்’, திமிங்கிலம். நடுத்தரமானவர் டால்ஃபின், கொஞ்சம் கொடுப்பவர் பொடிமீன். சூதுக்கூட முதலாளிகள் பெருஞ்செலவு வாடிக்கையாளருக்கு வைத்த பெயர் திமிங்கிலம். விளையாட்டு நிறுவனங்களின் வருவாய்ப் பேச்சில் புகுந்து, அங்கிருந்து ஆட்டக்காரர்களின் வாய்க்கு வந்தது. வேட்டையாடுகிறவர் வைத்த பெயரை வேட்டையாடப்பட்டவர் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார். ஜப்பானியத்தில் ‘முகாகின்’ ஒன்றும் கொடுக்காதவர், ‘பிகாகின்’ நுண்ணளவு கொடுப்பவர், ‘ஹைகாகின்’ அழிந்துபோகும் அளவு கொடுப்பவர். நுண்ணளவு எத்தனை யென்? வரையறை இல்லை. மாதம் 4.99 டாலர் சந்தா கட்டுகிறவர் தம்மைக் கிட்டத்தட்ட இலவச ஆட்டக்காரர் என்று சொல்லிக்கொள்வது எங்கும் கேட்கக்கூடியது. இருப்பதிலேயே உச்சவரம்பு சொல்லும் ஜப்பானிய வழக்கு ஒன்று உண்டு: காகின் வாடகை அளவுக்குத்தான். அளவுகோல் இருக்கிறது, ஆனால் அது ஒவ்வொருவர் வீட்டிலும் ஒவ்வொரு நீளம்.

இது இடக்கரடக்கல் என்ற என் வாதத்துக்கு எதிராக இரண்டு சான்றுகள் உண்டு. முதலாவது ஜப்பானியப் பேச்சிலேயே இருக்கிறது. ‘யுகிச்சி கரைந்தார்’ என்பார்கள். 10,000 யென் தாளில் 2024வரை இருந்த உருவம் ஃபுகுஸாவா யுகிச்சி. மூன்று யுகிச்சி கரைந்தார் என்றால் 30,000 யென் போயிற்று. பெயர் மாற்றிச் சொன்னாலும் தொகை துல்லியம். பத்து இழுப்புக்குச் சுமார் 3,000 யென் என்ற விலை ஜப்பானில் நெடுங்காலம் நிலைத்திருந்ததும், கிரான்ப்ளூவின் கூரை என்றால் 90,000 யென் என்று யாரும் மனக்கணக்கில் சொல்ல முடிந்ததும் இதற்குத் துணை. அங்கே பணத்துக்கும் இழுப்புக்கும் இடையே தூரம் குறைவு. மாற்றுப் படிகள் கூடக் கூடத் தொகை பேச்சிலிருந்து விலகுகிறது என்று இதைக் கொண்டு என் வாதத்தைத் திருத்திக்கொள்வதே நேர்மை. வெட்கம் மட்டும் காரணமல்ல.

இரண்டாவது சான்று தரவைப் பற்றியது. 74 என்ற எண்ணைக் கண்டுபிடிக்க உதவிய இழுப்பு வரலாற்றில் என்ன இருக்கிறது? கிடைத்த பொருளின் பெயர், வகை, நேரம். அந்த இழுப்பு ஆட்டத்தில் உழைத்துச் சேர்த்த கல்லால் நடந்ததா, காசு கொடுத்து வாங்கிய கல்லால் நடந்ததா என்ற விவரம் அதில் இல்லை. இரண்டு வகைக் கல்லும் ஒருமுறை கலந்துவிட்டால் பிரிக்க வழியில்லை. ஆகவே கூட்டாகக் கணக்குப் பார்ப்பதில் தேர்ந்த இந்தக் கூட்டத்துக்குப் பணத்தைக் கணக்கிடக் கச்சாப் பொருளே தரப்படவில்லை. மொழி மழுங்கிய இடமும் பதிவேடு வெறுமையான இடமும் ஒன்றாக இருப்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. இடக்கரடக்கல் என்று நான் சொன்னது ஆட்டக்காரரின் கூச்சத்தால் மட்டும் பிறந்ததல்ல; கூச்சப்படவும் முதலில் தொகை தெரிய வேண்டும்.

7. ஏமாளி என்ற சொல்லும் ஒரு தீர்வும்

கொரியப் பேச்சு இந்தப் பொதுப்போக்கிலிருந்து விலகி நிற்கிறது. அங்கே காசு கொடுத்து ஏமாறுபவர் ‘ஹுகு’, கறுப்பு மாடு. ஏமாளி என்று பொருள்படும் ‘ஹோகு’ என்ற சொல்லின் ஒலியைத் திரித்தது. ஏமாளி இருந்தால் ஏமாற்றியவர் இருந்தாக வேண்டும். வெடிப்பு, மூழ்கல் போன்ற சொற்களில் இல்லாத ஆள் இந்தச் சொல்லில் மறைமுகமாகவேனும் இருக்கிறார். 2021இல் கொரிய ஆட்டக்காரர்கள் நிறுவனங்களின் வாசலுக்கு வாசகம் ஏந்திய லாரிகளை வாடகைக்கு அமர்த்தி அனுப்பினார்கள். 2024 ஜனவரியில் கொரிய நியாய வணிக ஆணையம், மேப்பிள்ஸ்டோரியில் நிகழ்தகவை ஆட்டக்காரர்களுக்குச் சொல்லாமல் குறைத்ததற்காக நெக்ஸான் நிறுவனத்துக்கு ஏறத்தாழ 1,160 கோடி வொன் அபராதம் விதித்தது. சொல் போராட்டத்தைப் பெற்றது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ராசியைப் பழிக்கும் சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு அந்தக் கோரிக்கையை எழுதியிருக்க முடியாது.

இந்த வழக்கும்கூட விழுக்காட்டைப் பற்றியதுதான். தொகையைப் பற்றிய கேள்வி சட்டத்தின் மொழியில் தெளிவாக வந்தது அமெரிக்காவில். 2025 ஜனவரி 17 அன்று, கூட்டாட்சி வணிக ஆணையம் கென்ஷின் இம்பாக்டை வெளியிடும், மிஹோயோவைச் சேர்ந்த ஹோயோவெர்ஸுடன் 2 கோடி டாலர் அபராதத்துக்கு உடன்பாடு கண்டது. குழப்பமான பல அடுக்கு நாணயங்களால் உண்மையான செலவு மறைக்கப்பட்டது என்பது ஆணையத்தின் குற்றச்சாட்டுகளில் ஒன்று. பல குற்றச்சாட்டுகளை நிறுவனம் ஏற்கவில்லை, உடன்பாட்டை ஏற்றது. பதினாறு வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பெற்றோர் ஒப்புதல் இல்லாமல் குலுக்கலை விற்கக் கூடாது, நாணய மாற்று விகிதங்களை வெளியிட வேண்டும், நேரடியாகப் பணத்திலேயே வாங்கும் வழியும் இருக்க வேண்டும் என்பன அதன் நிபந்தனைகள்.

அந்த விகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கணக்குப் போடலாம். 99.99 டாலர் தொகுப்பு, முதல்முறைச் சலுகையை விட்டுவிட்டால், ஊக்கத்தொகை சேர்த்து 8,080 படிகங்கள் தருகிறது. அது 50 இழுப்புக்குச் சற்று மேல். ஓர் இழுப்புக்கு ஏறத்தாழ 1.98 டாலர். மெல்லிரக்கம் தொடங்கும் 74ஆவது இழுப்பு வரும்போது சுமார் 147 டாலர் செலவாகியிருக்கும். பாதிக்குப் பாதியில் தோற்று, இரண்டு முறையும் வல்லிரக்கம்வரை போகிறவருக்கு 180 இழுப்பு, சுமார் 356 டாலர். இலவசமாகச் சேர்ந்த கற்கள் எத்தனை என்பதைக் கழித்தால்தான் ஒவ்வொருவருடைய உண்மையான தொகையும் தெரியும். அதைக் கழிக்கத் தேவையான பதிவு இழுப்பு வரலாற்றில் இல்லை. ஆணையத்தின் நிபந்தனைகள் பொது விகிதத்தைக் கேட்கின்றன. ஒவ்வோர் இழுப்புக்கும் எதிரே அது எந்தக் கல்லால் நடந்தது என்று குறிக்கும் ஒரு நிரலை அவை கேட்கவில்லை. ஒழுங்குமுறையைப் பற்றி இனி எழுதுகிறவர்கள் விழுக்காட்டோடு நின்றுவிடாமல் கேட்க வேண்டியது அந்த நிரலைத்தான். அது கிடைத்தால், மெல்லிரக்கத்தைக் கண்டுபிடித்த அதே கூட்டம் தொகைக்கும் ஒரு குழூஉக்குறியை உருவாக்கிக்கொள்ளும் என்பதற்கு அவர்களுடைய கடந்த பத்தாண்டுப் பேச்சே போதிய ஆதாரம்.